குழுவுக்கு என்னை விடக் கூடத் தெரியும், நான் எப்படித் தலைமை தாங்குவது?

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆறு வருடமாகக் கொழும்பு மென்பொருள் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். வருகிற மாதம் ஏழு பேருக்குப் பொறுப்பாளர் ஆகிறாராம். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "தொழில்நுட்பத்தை வைத்து ஓடும் இடங்களில் தலைமை என்பதே மாறிவிட்டது என்கிறார்கள். என்னதான் மாறியிருக்கிறது? நான் கண்ட மெனேஜர்மார் எல்லாம் பழைய மாதிரி. எனக்குக் கீழே வரப்போகிறவர்களில் மூன்று பேருக்கு என்னை விடக் கூடத் தெரியும். அவர்களுக்கு நான் என்ன சொல்வது? இன்னொன்று, இப்பவே என்னை 'சேர்' என்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லவா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இந்தத் துறைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. கூடுதல் காலம் கொழும்பில்தான். 2020இல் ஊரடங்கோடு மட்டக்களப்புக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கல்லடியில் இருந்துகொண்டு ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்றை நடத்துகிறேன். ஆகவே இதில் படித்ததும் இருக்கும், பட்டதும் இருக்கும்.

ஊர்க் கதையிலிருந்து தொடங்கினால் எனக்கு இலகு. எங்கள் அம்மப்பா ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயற்காணிக்காரர் ஒருவரிடம், முல்லைக்காரனாக வயல் வேலை பார்த்தவர். எந்த வட்டைக்கு எந்த நெல், எப்போது விதைப்பு, எத்தனை பேரை இறக்குவது, எந்த வரம்பு இந்த மாரிக்குத் தாங்காது, எல்லாம் போடியார் வாயிலிருந்துதான் வரும். அந்த மனிதர் சும்மா அதட்டிக்கொண்டு திரிந்தவர் இல்லை. நாற்பது மாரி கண்டவர். அவருக்கு உண்மையிலேயே மற்றவர்களை விடக் கூடத் தெரியும். காணியும் அவருடையது, அறிவும் அவருடையது, ஆகவே சொல்லும் அவருடையது. கந்தோர்களும் நெடுங்காலம் இப்படித்தான் ஓடின. கச்சேரியில் பிரதம இலிகிதர் என்றால் முப்பது வருடச் சுற்றறிக்கைகளும் அவர் மண்டைக்குள் இருக்கும். புதுப் பொடியனுக்குச் சந்தேகம் வந்தால் அவருடைய மேசைக்குத்தான் போக வேண்டும். மேலே இருப்பவருக்குத் தெரியும் என்பது அந்தக் காலத்தில் பொய்யான பேச்சு இல்லை.

மென்பொருளில் இந்தக் கணக்குப் பிழைத்துப்போனது. இங்கே அறிவு பழசாகும் வேகம் அப்படி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் எழுதும் கருவி தெரிந்தவன் ராசா. 2008 ஏப்ரலில் மைக்ரோசொஃப்ட் அந்தக் கருவிக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இடையில் இரவிரவாகக் கண்முழித்துப் படித்த, இணையத்தில் அசைபடம் காட்டும் ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஓடு மூடப்பட்டது. வயலில் நாற்பது மாரி என்பது சேமிப்பு. என்னுடைய இருபது வருடத்தில் பாதி பழைய இரும்புக்காரனுக்குக் கூட வேண்டாம்.

ஆகவே தம்பி, அந்த மூன்று பேருக்கு உங்களை விடக் கூடத் தெரியும் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். இந்த வேலையில் அதுதான் வழமை. நீங்கள் கேட்ட மாற்றம் முழுவதும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. தெரிந்தவர் கீழே இருக்கிறார், முடிவுக்குப் பொறுப்பானவர் மேலே இருக்கிறார். இருவருக்கும் நடுவே செய்தி போய்வர வேண்டும். நல்ல செய்தி தானாக வரும். கெட்ட செய்தி எவ்வளவு கெதியாக மேலே வருகிறது, கொண்டுவந்தவருக்கு என்ன நடக்கிறது, இந்த இரண்டையும் பார்த்துத்தான் நான் ஒரு தலைவரை மதிப்பிடுவேன். மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

2011இல் கொழும்பில் நான் வேலை செய்த ஓர் இடம். பெயர் வேண்டாம். பணம் செலுத்தும் மென்பொருளில் ஒரு பிழை வந்தது. வாடிக்கையாளர் அவசரத்தில் பொத்தானை இரண்டு தரம் அமத்தினால் இரண்டு தரம் காசு வெட்டுப்படும். வெள்ளிக்கிழமை மத்தியானமே மூன்று பேருக்கு அது தெரியும். மூவரில் நானும் ஒருவன். எங்கள் மெனேஜர் கெட்டிக்காரர், ஆனால் கெட்ட செய்தி கொண்டு போகிறவரை எல்லார் முன்னாலும் வைத்து உரிப்பார். அதற்கு முந்தின கிழமைதான் ஒரு பிள்ளையை அழ வைத்திருந்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திங்கள் வந்து சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று முடிவு. அந்தச் சனி ஞாயிறில்தான் வாடிக்கையாளருடைய பெரிய மலிவு விற்பனை. திங்கள் காலை தொலைபேசி ஓயவில்லை. "ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல?" என்று கத்தினார். நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கத்திய கத்திலேயே அதற்கான விடையும் இருந்தது.

இதே கதை ஒரு நாட்டளவுக்குப் பெருத்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் பிரித்தானியத் தபாலக நிறுவனத்தைப் பாருங்கள். 1999இலிருந்து அங்கே உப தபாலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொடுத்தார்கள். ஃபுஜிட்சு கொம்பனியின் மென்பொருள். பின்னேரம் கணக்கு முடிக்கும்போது திரையில் ஒரு தொகை, லாச்சிக்குள் வேறொரு தொகை. உப தபாலதிபர்கள் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். வேறு ஒருவருக்கும் இப்படி வரவில்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று பலருக்குப் பதில் கிடைத்தது. கொம்பியூட்டர் சொல்வதுதான் சரி என்று மேலே இருந்தவர்கள் பிடித்த பிடியில் நின்றார்கள். 2015 வரைக்கும் 900க்கும் மேற்பட்டவர்கள் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு, வீட்டை விற்று இல்லாத கடனைக் கட்டியவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அலன் பேட்ஸ் என்ற முன்னாள் உப தபாலதிபர் முன்னின்று, 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மென்பொருளில் கோளாறு இருந்தது என்று நீதிமன்றம் 2019இல் சொன்னது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் 2024இல்தான் வந்தது.

பிழை இல்லாத மென்பொருள் உலகத்தில் கிடையாது, அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. செய்தி மேலே வந்துகொண்டே இருந்தும் அதை நம்ப அங்கே ஆள் இல்லாமல் போனதுதான் என்னை உறுத்துகிறது. எங்கள் குழுவில் யாராவது "உன்ர மெசினில மட்டும்தான் அப்படி வருது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தபாலதிபர்கள் ஞாபகம் வரும்.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் இருக்கிறது. எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் வரும் பிழைகளைப் பார்த்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனார். கணக்குத் தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் பிழை கூடப் பதிவாகியிருந்தது. துருவிப் பார்த்தபோது, அந்தக் குழுக்கள் நடந்ததை ஒளிக்காமல் வாய்விட்டுச் சொன்னதால்தான் எண்ணிக்கை கூடியது என்று தெரிந்தது. 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உளப் பாதுகாப்பு என்ற சொல் நிறுவனங்களுக்குள் பரவியது. கூகுள் 2012இல் தொடங்கித் தன்னுடைய 180 குழுக்களை ஆராய்ந்தது. குழுவுக்குள் எத்தனை கெட்டிக்காரர் இருக்கிறார்கள் என்பதை விட, பயமில்லாமல் வாய் திறக்க முடிகிறதா என்பதே முன்னுக்கு வந்தது. டொயோட்டா தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் உற்பத்தி வரிசையே நிற்கும் என்ற ஏற்பாடு இதற்கெல்லாம் எவ்வளவோ முந்தியது. மென்பொருள்காரர் பிந்தித்தான் படித்தோம்.

படித்ததில் எனக்குப் பிடித்த உதாரணம் கிட்லாப், மென்பொருள்காரர் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம். 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஒரு பொறியியலாளர் களைத்துப்போன நிலையில், பிரதித் தரவுத்தளம் என்று நினைத்து உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிகாபைட். நிறுத்தியபோது நாலரை ஜிகாபைட்தான் மிச்சம். காப்புப் பிரதி எடுக்கும் வழிகள் ஐந்து வைத்திருந்தார்கள், நம்பி எடுக்கக்கூடியதாக ஒன்றும் இல்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த நேரத்தில் கொம்பனி செய்த காரியத்தைப் பாருங்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாக விட்டார்கள். என்ன நடந்தது என்ற குறிப்பை எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்தார்கள். அந்தப் பொறியியலாளரை வேலையால் நிறுத்தவில்லை. ஐந்து வழியும் ஏன் வேலை செய்யவில்லை, அதைச் சரிபார்க்கும் பொறுப்பு ஏன் ஒருவருக்கும் இல்லை என்றுதான் தோண்டினார்கள். அழித்தவரை அன்றைக்குத் துரத்தியிருந்தால், அடுத்த தரம் அழித்தவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் இது ஏன் கஷ்டம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேருக்கு முன்னால் கை கட்டி வளர்ந்த ஆட்கள் நாங்கள். தெரியாது என்றால் ஒரு அடி, நீங்கள் எழுதினது பிழை என்றால் இரண்டு. அந்த உடம்போடுதான் வேலைக்கும் வருகிறோம். "வெள்ளிக்கு முடியுமா?" "ஓம் சேர்." முடியாது என்று அவனுக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியும். புதன் கேட்டாலும் ஓம், வியாழன் கேட்டாலும் ஓம். வெள்ளி காலை ஆளைக் காணவில்லை, ஃபோன் ஓஃப். மத்தியானம் ஒரு மெசேஜ் வரும், அம்மம்மாவுக்கு வருத்தம் என்று. இந்தப் பொடியனை நான் பொய்யன் என்று சொல்ல மாட்டேன். பெரியவர் முகத்துக்கு நேரே முடியாது என்பது அவனுக்கு மரியாதைக் குறைவு. மரியாதையைக் காப்பாற்றப் போய் வேலையைக் கோட்டை விட்டான்.

சேரை அண்ணாவாக மாற்றினால் தீருமா? அதையும் செய்து பார்த்தேன். அண்ணாவுக்கும் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். இந்த முறை காரணம் வேறு, அண்ணா பாவம், அவருக்கு ஏன் கவலை என்று. ஒரு வித்தியாசமும் இல்லை.

உண்மையில் உதவியவை இரண்டு. முடியுமா என்று கேட்பதை விட்டேன். "இதில எந்த இடம் இடிக்கும்?" என்று கேட்கத் தொடங்கினேன். அதற்கு ஓம் என்று பதில் சொல்ல முடியாது, ஏதாவது ஓர் இடத்தைக் காட்டியே ஆக வேண்டும். அடுத்தது, திங்கள் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் போன கிழமை நான் விட்ட பிழையை நானே சொல்வது. முதல் மூன்று கிழமையும் எல்லாரும் சங்கடத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நாலாவது கிழமை ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி மெல்லிய குரலில், "அண்ணா, நான் செவ்வாய்க்கிழமை சோதனைத் தரவு எண்டு நினைச்சு உண்மையான ஆக்களுக்கு முப்பது மின்னஞ்சல் அனுப்பிட்டன்" என்றாள். ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் கோபம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். விழுங்கிக்கொண்டு, "அப்படி அனுப்பக்கூடிய மாதிரி அதை நாங்கள் ஏன் கட்டி வச்சிருக்கிறம்?" என்று கேட்டேன். அன்று பின்னேரமே அவளே அதற்கு ஒரு பூட்டுப் போட்டாள். அந்தக் கிழமைக்குப் பிறகு எனக்குச் செய்தி வராமல் இருந்ததில்லை. சில நாள் வேண்டாம் போதும் என்கிற அளவுக்கு வரும்.

இதில் ஊருக்குப் புதிதான சரக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கல்லோயாத் தண்ணீர் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வருகிறது. 1970களின் முடிவில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, கதவுகள் உடைந்து, தண்ணீருக்குச் சண்டை. மேல்பக்கத்துக் காரர் தேவைக்கு மேல் எடுப்பார்கள், கீழ்ப்பக்கத்து வயல் வெடித்துக் கிடக்கும். மதகைத் திறக்கும் அதிகாரிக்குத் தன் பக்கத்துத் தண்ணீர் மட்டம்தான் தெரியும். வாய்க்கால் கடைசியில் தண்ணீர் வரவில்லை என்பது முதலில் தெரிவது கடைசி வயல்காரனுக்கு. அவன் சொல் மேலே ஏறுவதற்குள் பயிர் போய்விடும். 1981இலிருந்து கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே இளம் பட்டதாரிகளை அனுப்பின. கூட்டம் போட்டுச் சங்கம் அமைக்கச் சொல்லவில்லை. விவசாயிகளோடேயே தங்கி, ஒவ்வொரு வயல் வாய்க்காலிலும் உள்ள சிலபேரைச் சேர்த்து முதலில் வாய்க்காலைத் துப்பரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் பகிர்ந்தார்கள். பிறகு ஒவ்வொரு வாய்க்காலும் வாக்கெடுப்பு இல்லாமல், எல்லார் சம்மதத்தோடும் ஒருவரைத் தெரிந்தது. அவருக்குப் பெயர் விவசாயப் பிரதிநிதி. தலைவர் இல்லை. அவர் வழியாகக் கடைசி வயலின் செய்தி பொறியியலாளர் மேசைக்குப் போனது. மேல்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீர் கீழ்ப்பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கு இறங்கியது, அதுவும் 1980களின் தொடக்கத்தில், நாடு இருந்த நிலையில்.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 மென்பொருள்காரர் கூடி, மென்பொருள் வேலையை எப்படி நடத்துவது என்று அஜைல் பிரகடனம் எழுதினார்கள். தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் குழு, நேருக்கு நேர் பேச்சு, வேலை செய்கிறவர்களை நம்பி வேலையை அவர்களிடம் விடுவது என்றெல்லாம் அதில் வரும். வாசிக்கும்போது எனக்கு இடதுகரைதான் ஞாபகம் வந்தது. ஆனால் இப்போது பல ஒபிஸ்களில் அஜைல் என்ற பெயரில் தினமும் வைக்கும் காலைக் கூட்டம் வரவு இடாப்பு மாதிரி ஆகிவிட்டது. நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்வாய், அடுத்த ஆள். உங்கள் கூட்டம் அப்படி இருந்தால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

அப்போ மெனேஜர் என்று ஒருவர் தேவையே இல்லையா? அப்படியும் சிலர் செய்து பார்த்தார்கள். கூகுள் 2000களின் தொடக்கத்தில் பொறியியல் பிரிவில் மெனேஜர்மாரை எடுத்துவிட்டது. செலவுப் பற்றுச்சீட்டுக்கும் ஆளுக்காள் சண்டைக்கும் எல்லாரும் நேரே கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நின்றார்கள். சில மாதத்தில் திரும்ப மெனேஜர்மார் வந்துவிட்டார்கள். தலைமை இல்லாத இடத்தில் சத்தமாகக் கதைக்கிறவன் தலைவனாகிவிடுவான் என்பது ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு வருடம் இருந்தவருக்கும் தெரியும்.

மேலே இருப்பவருக்கு மிஞ்சும் பெரிய வேலை, எந்த முடிவை யார் எடுப்பது என்று பிரித்து வைப்பது. இதற்கு அமேசனின் ஜெஃப் பெசோஸ் பங்குதாரருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சொன்ன கணக்கு உதவும். (அந்தக் கொம்பனி களஞ்சியத் தொழிலாளரை நடத்தும் விதம் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, அது வேறு கதை.) சில முடிவுகள் இருபக்கமும் திறக்கும் கதவு, உள்ளே போய்ப் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். சில முடிவுகள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு. முதல் வகையை அந்த மூன்று பேரிடமும் முழுதாக விடுங்கள். பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த நூலகத்தை (வேறொருவர் எழுதி வைத்த ஆயத்த நிரலை) பாவிப்பது, இதற்கெல்லாம் உங்களிடம் அனுமதி கேட்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். வாடிக்கையாளர் தரவை அழிப்பது, ஆளை வேலையால் நிறுத்துவது, விலை பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது, இவை இரண்டாம் வகை. அங்கே அவசரப்படாதீர்கள், இரண்டு பேரைக் கேளுங்கள், முடிவு உங்கள் பெயரில் இருக்கட்டும். நான் கண்ட பழைய மெனேஜர்மார் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். பொத்தானின் நிறத்துக்கு மூன்று கூட்டம், ஒப்பந்தத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.

தொழில்நுட்பம் உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? இதில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கூகுள் நல்ல மெனேஜரின் குணங்கள் என்று எட்டைப் பட்டியல் போட்டபோது தொழில்நுட்பத் திறமை எட்டாவது இடத்துக்கு வந்தது. முதலாவது, ஆளைப் பழக்கி வளர்ப்பது. எட்டாவது என்பதைப் பிடித்துக்கொண்டு, தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பட்டியலில் அது இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த விசயத்தில் எங்கள் கூத்து அண்ணாவியார்தான் கணக்கு. களரியில் அவர் ஆட மாட்டார். மத்தளத்தோடு ஓரத்தில் நிற்பார். ராசா வேசம், மந்திரி வேசம் எல்லாம் மற்றவர்களுக்கு. சட்டம் கொடுக்கும்போது, அதாவது ஆட்டக்காரருக்குப் பாத்திரமும் பாட்டும் பங்கிடும்போது, எவனுக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்று பார்ப்பதும், மாதக்கணக்கில் பழக்குவதும், அரங்கேற்றத்து இரவில் ஆட்டக்காரன் தாளம் தப்பினால் மத்தளத்தால் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதும் அவர் வேலை. அவர் இளமையில் ஆடியவராக இல்லாவிட்டால் தாளம் தப்பியது அவருக்கு எப்படித் தெரியும்? புதுக் கருவி ஒவ்வொன்றையும் நீங்கள் அந்த மூன்று பேர் அளவுக்குப் படிக்கத் தேவையில்லை. ஒருவர் எழுதியதைப் பார்த்து, இங்கே ஏதோ இடறுகிறது என்று கேட்கும் அளவுக்குக் கை பழகியிருந்தால் போதும். நான் இன்னும் கிழமைக்கு ஒரு சின்ன வேலையை எடுத்து நானே எழுதுகிறேன். குழுவில் பெரும்பாலும் என்னுடையதுதான் கூடத் திருத்தத்தோடு திரும்பி வரும்.

எண்களைப் பற்றியும் ஒரு பிழையை ஒத்துக்கொள்கிறேன், இது முழுக்க என்னுடையது. 2021இல் கிழமைக்கு யார் எத்தனை வேலை முடித்தார்கள் என்ற எண்ணிக்கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் திரையில் போட்டேன். தூரத்தில் இருந்து நடத்துவதால் கண்ணுக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்ற பதற்றம். இரண்டு மாதத்தில் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது. எனக்குச் சந்தோசம். பிறகு பார்த்தால் ஒரு வேலையை நாலாக உடைத்து எழுதி நாலு முடித்ததாகக் காட்டியிருக்கிறார்கள். கஷ்டமான வேலையை ஒருவரும் தொடவில்லை. குழுவில் மூத்தவன், மற்றவர்களுக்கு உதவி செய்தே நாளை முடிக்கிறவன், பட்டியலில் கடைசி. அவனோடு கதைத்தபோது, "மறுகா என்ன அண்ணன், நானும் உதவாம இருந்தா மேல வருவன்தானே" என்றான். அன்றே அந்தத் திரையை எடுத்தேன். எண்கள் கெட்ட செய்தியை நல்ல செய்தி மாதிரி உடுத்திக்கொண்டு வரும். பாருங்கள், ஆனால் பார்த்துவிட்டு ஆளைக் கேளுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, மேலே இருப்பவரிடம் மட்டும் பதில் இருந்த காலத்தின் மிச்சசொச்சமும் போனது. நேற்றுச் சேர்ந்த பொடியன் என்னிடம் கேட்காமல் அதனிடம் கேட்கிறான். நல்லது, என் நேரம் மிச்சம். தொல்லை, அது நம்பிக்கையான தொனியில் பிழையாகவும் சொல்லும் என்பதுதான். அதை விடப் பெரிய தொல்லை, அப்புறம் யார் பொறுப்பு என்பது. எயார் கனடாவின் இணையத்தளத்தில் இருந்த உரையாடல் கருவி, துக்கத்துக்குப் போன ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவல் சொன்னது. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, அந்தக் கருவி தனக்குத் தானே பொறுப்பு என்ற கணக்கில் கொம்பனி வாதிட்டது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, கொம்பனிதான் பொறுப்பு என்றது. உங்கள் குழுவிலும் ஒருநாள் யாராவது "சேர், அது ஏஐ எழுதினது" என்பார்கள். முதல் நாளிலேயே சொல்லி வையுங்கள்: யார் எழுதிக் கொடுத்தாலும், அதை மென்பொருளுக்குள் சேர்த்தவர் வாசித்துப் பார்த்துப் பொறுப்பெடுத்தவர் என்றுதான் அர்த்தம். வெளியே பதில் சொல்வது நீங்கள். வாடிக்கையாளருக்கு அந்தப் பொடியனின் பெயர் போகக் கூடாது.

தலைமை பதவியில் இருந்துதான் வரும் என்று நான் நினைத்திருந்ததை 2022 மாற்றியது. அந்த மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. பகுதிகளை ஏ, பி, சி என்று எழுத்துகளாகப் பிரித்து நேர அட்டவணை போட்டார்கள், மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பில் இருந்த மேலாளர்கள் பெற்றோல் வரிசையில். எங்கள் குழுவில் ஒருவர் களுவாஞ்சிக்குடி, ஒருவர் வாழைச்சேனை, ஒருவர் அக்கரைப்பற்று. ஒருவர் வீட்டில் வெளிச்சம் வரும்போது மற்றவர் வீட்டில் இருட்டு. களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்கு அப்போது வேலையில் ஐந்து மாதம்தான். ஒருவரும் கேட்காமல் ஓர் அட்டவணை போட்டாள்: யார் எந்த எழுத்து, எப்போது கரண்ட், போகும்போது வேலையை யாரிடம் கொடுப்பது, கொடுக்கும்போது எழுதி வைக்க வேண்டிய மூன்று வரி. நாங்கள் எல்லாரும் அவள் சொன்னபடி ஓடினோம், நான் உட்பட. அந்த மூன்று வரி எழுதும் பழக்கம் பிறகுதான் இன்னும் பெரிதாக உதவியது. அடுத்த ஒன்றரை வருடத்தில் நாலு பேர் வெளிநாடு போனார்கள், ஒருவர் போனதற்கும் வேலை நிற்கவில்லை. எல்லாம் ஒருவன் மண்டைக்குள் இருந்தால் அவன் விமானம் ஏறும் நாளில் உங்கள் குழுவும் ஏறிவிடும். இந்த நாட்டில் குழு நடத்துகிறவர் இதை நினைக்காமல் ஒரு மாதமும் போக முடியாது.

முதல் கிழமைக்கு என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன். ஏழு பேரையும் தனித்தனியே அரை மணித்தியாலம் கதையுங்கள், கமெரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சிலருக்கு வீட்டில் வசதி இருக்காது. உங்கள் திட்டங்களைச் சொல்ல வேண்டாம். எங்களுடைய வேலையில் எது உடையும் என்று உனக்குத் தெரிந்தும் ஒருவருக்கும் சொல்லாமல் இருக்கிறாய் என்று கேளுங்கள். முதல் தரம் ஒன்றும் வராது. மாதம் ஒருதரம் கேளுங்கள். ஒருவர் சொன்னதும் அதில் ஏதாவது ஒன்றையாவது அந்தக் கிழமைக்குள் திருத்திக் காட்டுங்கள், அதைத்தான் மற்ற ஆறு பேரும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்த மூன்று கெட்டிக்காரரிடம் உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும்.

சேர் என்பதை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. கட்டளை போட்டால் கூட்டத்தில் பெயர் சொல்லத் தடுமாறிப் பேசாமலே இருந்துவிடுவார்கள். என்னுடைய குழுவில் ஒரு பொடியன் எவ்வளவு சொல்லியும் இன்னும் சேர்தான். போன மாதம் காலை எழும்பிப் பார்க்கிறேன், விடிய ஐந்து மணிக்கு அவனிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "சேர், நீங்கள் இரவு போட்ட மாற்றம் பிழை. நான் திருப்பிவிட்டேன். எழும்பினதும் பாருங்கள்." பார்த்தேன். அவன் திருப்பியதுதான் சரி.